கியூபா, 1962: எந்த வழி தேவலை?

அமெரிக்க அதிபர் கென்னடி தன் அமைச்சரவைக் கூடத்தில் ரகசியமாக ஒலிப்பதிவுக் கருவி பொருத்தி வைத்திருந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. 1962 அக்டோபர் 16 மாலைக் கூட்டத்தின் பதிவில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. சோவியத் தலைவர் குருஷ்சேவ் கியூபாவில் அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைத்து எதற்காக இப்படி வம்பை விலைக்கு வாங்குகிறார் என்று கென்னடிக்குப் பிடிபடவில்லை. நாம் திடீரென்று துருக்கியில் கொண்டுபோய் நடுத்தர தூர ஏவுகணைகளைக் குவித்த மாதிரி அல்லவா இருக்கிறது, அது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று வாய்விட்டுச் சொல்கிறார். பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டி, அதைத்தான் நாம் செய்துவிட்டோமே மிஸ்டர் பிரசிடெண்ட் என்கிறார்.

துருக்கியில் அமெரிக்காவின் 15 ஜூபிட்டர் ஏவுகணைகள் நின்றன. ஒப்பந்தம் முந்தைய அதிபர் ஐசன்ஹோவர் காலத்தது; ஆனால் அவற்றைக் கொண்டுபோய் நிறுத்தியது கென்னடி ஆட்சி. உலகத்தின் தலையெழுத்தை முடிவு செய்ய உட்கார்ந்த மனிதருக்குத் தன் பக்கத்துக் கணக்கே அந்த நிமிடம் நினைவில் இல்லை. எதிரியின் கணக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கதை ரொம்ப வசதியானது. ஒரு பக்கம் குண்டு போடத் துடித்த ஜெனரல்கள், மறுபக்கம் பயந்தவர்கள், நடுவில் நிதானமான இளம் அதிபர். அவர் கடல் முற்றுகை என்ற நடுவழியைப் பிடித்தார், குருஷ்சேவ் கண்ணை இமைத்துவிட்டார், சுபம். இதில் பாதிதான் சரி. மேசையில் கிடந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டுப் பார்த்தால், முற்றுகை ஜெயித்த விதமும் வேறு, ஜெயித்த காரணமும் வேறு என்று தெரிகிறது. நான் எடைபோடப் பிடித்திருக்கும் படிக்கல் ஒன்றுதான்: நம்மிடம் இருக்கும் தகவல் தப்பாக இருந்தால், இந்த வழி நம்மை எங்கே கொண்டுபோய் விடும்?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959 ஜனவரியில் கியூபாவின் சர்வாதிகாரி பாட்டிஸ்டா ஓடினார், புரட்சி செய்த காஸ்ட்ரோ வந்தார். 1961 ஏப்ரலில் சி.ஐ.ஏ. பயிற்சி கொடுத்து அனுப்பிய சுமார் 1,400 கியூப அகதிகள் பன்றிகள் வளைகுடாவில் இறங்கி மூன்றே நாளில் மண்ணைக் கவ்வினார்கள். அதோடு விட்டதா என்றால் இல்லை. நாசவேலை, கொலை முயற்சி என்று அமெரிக்கா தொடர்ந்து குடைந்துகொண்டே இருந்தது. குருஷ்சேவுக்கு இரண்டு கவலைகள். கியூபா கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்பது ஒன்று. மற்றது, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் அமெரிக்காவிடம் நூற்றைம்பதுக்கும் மேல் இருக்க, அவரிடம் சில டஜன்கூடத் தேறாது என்ற ஏழ்மை. புளோரிடா முனையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கும் தீவில் நடுத்தர தூர ஏவுகணைகளை வைத்துவிட்டால் இரண்டு கவலையும் தீரும் என்று கணக்குப் போட்டார். படைகளைக் கப்பலில் ஏற்றும்போது ரகசியம் கசியாமல் இருக்க, வடதுருவப் பக்கத்து நதியான அனாதிர் பெயரை அந்த நடவடிக்கைக்கு வைத்து, வெப்பமண்டலத் தீவுக்குப் போகிற சிப்பாய்களுக்குப் பனிக்கால உடுப்பும் கொடுத்தார்கள்.

அக்டோபர் 14-இல் யு-2 வேவு விமானம் ஹவானாவுக்கு மேற்கே சான் கிறிஸ்டோபல் பக்கம் படம் எடுத்தது. வாஷிங்டனில் ஒரு கார் விற்பனைக் கூடத்துக்கு மேலே இருந்த அலுவலகத்தில் உட்கார்ந்து படத்தைத் துருவியவர்கள், நீளமான அந்தப் பொருள்கள் ஆர்-12 ஏவுகணைகள் என்று கண்டுபிடித்தார்கள். 2,000 கிலோமீட்டர் பாயும். வாஷிங்டன் அந்த வட்டத்துக்குள் வருகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் வைக்கக்கூடிய குண்டு ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல அறுபது மடங்குக்கு மேல்.

16-ஆம் தேதி காலை விஷயம் கென்னடி காதுக்கு வந்தது. அன்று அவர் மனம் எங்கே இருந்தது என்பதற்கு ஒலிநாடாவே சாட்சி: அந்த ஏவுகணைகளை அடித்துத் தூக்கப்போகிறோம், அது நிச்சயம் என்கிறார். அன்றே முடிவெடுத்திருந்தால் விமானத் தாக்குதல்தான். நம் அலுவலகக் கூட்டங்களிலும் பார்க்கிறோமே, முதல் அரை மணியில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் யோசனைதான் தீர்மானமாக எழுதப்படும். இங்கே அப்படி ஆகாமல் போனதற்கு ஒரே காரணம், விஷயம் ஆறு நாள் வெளியே தெரியவில்லை. 20-ஆம் தேதி சிகாகோவில் தேர்தல் பிரசாரத்தில் இருந்த அதிபருக்குச் சளி, காய்ச்சல் என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வாஷிங்டனுக்குக் கூட்டி வந்தார்கள்.

சும்மா இருப்பது

கேட்கக் கேலியாக இருக்கும். ஆனால் தர்க்கத்தில் மிக பலமான வழி இதுதான் என்பேன். பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா முதல் நாளே போட்டு உடைத்தார்: இதில் ராணுவப் பிரச்சினை என்று ஒன்று இருப்பதாகவே தனக்குத் தோன்றவில்லை, இது உள்நாட்டு அரசியல் பிரச்சினை. சோவியத் மண்ணிலிருந்து வந்து விழுந்தால் என்ன, கியூபாவிலிருந்து வந்து விழுந்தால் என்ன, ஏவுகணை ஏவுகணைதான். துருக்கியர்களும் இத்தாலியர்களும் மேற்கு ஜெர்மானியர்களும் வருஷக்கணக்காகச் சோவியத் ஏவுகணைகளின் நிழலில்தான் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

சிக்கல், கென்னடி ஏற்கெனவே வாயைக் கொடுத்திருந்தார். கியூபாவில் தாக்குதல் ஆயுதம் வந்தால் விடமாட்டோம் என்று செப்டம்பரில் பகிரங்கமாக எச்சரித்திருந்தார். வராது என்ற நம்பிக்கையில் போட்ட கோடு அது. போன மாதம் நமக்கு இதைப் பற்றிக் கவலையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும் என்று நாடாவில் அவரே அலுத்துக்கொள்கிறார். நவம்பர் 6-இல் நாடாளுமன்றத் தேர்தல் வேறு. செனட்டர் கீட்டிங் ஏவுகணை வருகிறது, ஏவுகணை வருகிறது என்று வாரக்கணக்கில் கூவிக்கொண்டிருந்தார். இந்த நிலையில் சும்மா இருந்தால் பெர்லினில் குருஷ்சேவ் அடுத்த காலை எடுத்து வைப்பார் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை முழுக்கச் சாக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெர்லின் சுவர் எழும்பி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஆகவே சும்மா இருக்கும் வழியைக் கொன்றது ஏவுகணைகள் அல்ல, ஒரு மாதம் முன்பு பேசிய பேச்சு.

தனியாகப் பேசித் தீர்ப்பது

குருஷ்சேவுக்கு ரகசியக் கடிதம் எழுதலாம், காஸ்ட்ரோவிடம் ஆளனுப்பி மாஸ்கோவிலிருந்து பிரிக்கப் பார்க்கலாம் என்று இரண்டு யோசனைகள் வந்தன. இரண்டாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதின் குறை வெளிப்படை: நமக்குத் தெரியும் என்று நாமே சொல்லிவிட்டால் பேச்சை இழுத்தடித்து வேலையை முடித்துவிடுவார்கள். 18-ஆம் தேதி சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோ வெள்ளை மாளிகைக்கே வந்தார். கியூபாவுக்குத் தாங்கள் தருவது தற்காப்புக்கான உதவிதான் என்று நேருக்கு நேர் சொன்னார். படங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கென்னடி வாய் திறக்கவில்லை.

20-ஆம் தேதி கூட்டத்தில் ஐ.நா. தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் கொடுக்கல் வாங்கல் பேசினார். அவர்கள் கியூபாவைக் காலி செய்யட்டும். நாம் கியூபாவிலேயே வைத்திருக்கும் குவாண்டனாமோ கடற்படைத் தளத்தையும் துருக்கி ஏவுகணைகளையும் விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிப் பார்ப்போம் என்றார். சுற்றியிருந்தவர்கள் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். இவர் கதை பிறகு வருகிறது, மறக்க வேண்டாம்.

விமானத் தாக்குதல்

இதற்குத்தான் ஆதரவு அதிகம். பழுத்த ராஜதந்திரியான டீன் அச்செசன் இந்தப் பக்கம். கூட்டுப்படைத் தளபதிகள் இந்தப் பக்கம். முதல் நாள் கென்னடியும் இந்தப் பக்கம். பாம்பும் சாகும், கம்பும் உடையாது என்பது இதன் கவர்ச்சி. அறுவை சிகிச்சை மாதிரி, ஏவுகணைகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வந்துவிடலாம்.

பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அந்த அறுவை சிகிச்சை வீங்கிக்கொண்டே போனது. ஏவுகணையை அடிக்கப் போகும் விமானத்தை விமான எதிர்ப்பு ஏவுகணை அடிக்குமே, அவற்றையும் அடிக்க வேண்டும். பதிலடிக்கு மிக் போர் விமானங்களும் ஐ.எல்-28 குண்டுவீச்சு விமானங்களும் கிளம்புமே, விமானத் தளங்களையும் அடிக்க வேண்டும். கடைசியில் முதல் நாள் மட்டும் 1,190 முறை விமானங்கள் பறக்க வேண்டும் என்ற திட்டத்தில் வந்து நின்றது. கத்தியை எடுத்துக்கொண்டு போனவர்கள் புல்டோசரோடு திரும்பி வந்தார்கள்.

21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, விமானப்படையின் தாக்குதல் பிரிவுத் தலைவர் ஜெனரல் ஸ்வீனியைக் கென்னடி கூப்பிட்டுவைத்துக் கேட்டார்: எல்லாவற்றையும் அழித்துவிட முடியுமா? உத்தரவாதம் தர முடியாது என்றார் ஸ்வீனி. கண்ணுக்குத் தெரிந்த ஏவுகணைகளில் 90 சதவீதம்வரை ஒழிக்கலாம். அதற்கு மேல் தங்களால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் கூட்டுப்படைத் தலைவர் டெய்லர். இந்த இரண்டு வாக்கியங்கள்தான் அந்த வாரத்திலேயே எனக்கு மிகவும் மரியாதைக்குரியவையாகப் படுகின்றன. தாக்கலாம் என்று விரும்பியவர்களே தங்கள் வழியின் ஓட்டையைத் தாங்களே காட்டினார்கள். தெரிந்தவற்றில் பத்து சதவீதம் என்றால் இரண்டோ மூன்றோ ஏவுகணை. இரண்டோ மூன்றோ நகரம். தெரியாதவை தனி.

அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடிக்கு உறுத்தியது வேறு. பேர்ல் ஹார்பர் மீதான திடீர்த் தாக்குதலைத் திட்டமிட்டபோது ஜப்பானின் டோஜோவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது என்று முதல் நாள் கூட்டத்திலேயே ஒரு துண்டுச்சீட்டு எழுதினார். பெரிய நாடு, முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு சின்ன நாட்டின் மேல் குண்டு போடுவது என்ற படம் பலரைத் தயங்க வைத்தது. விமானப்படைத் தளபதி லெமேவுக்கு அப்படி எந்தத் தயக்கமும் இல்லை. 19-ஆம் தேதி, முற்றுகை என்பது, ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் சமரசத்துக்கு ஏறக்குறையச் சமம் என்று அதிபர் முகத்துக்கு எதிரே சொன்னார். மியூனிக் காலத்தில் லண்டன் தூதராக இருந்து ஹிட்லரோடு ஒத்துப்போகலாம் என்றவர் கென்னடியின் அப்பா. குத்து எங்கே விழும் என்று தெரிந்தே குத்தியிருப்பார் என்பது என் அனுமானம்.

படையெடுப்பு

விமானத் தாக்குதலின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது இது. பத்து சதவீதம் மிஞ்சினால் போய்த் தேடி எடுக்க வேண்டுமே. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரைத் தெற்கே திரட்டினார்கள். பத்து நாள் சண்டையில் 18,500 அமெரிக்கர்கள் செத்தும் காயப்பட்டும் போவார்கள் என்று மதிப்பிட்டார்கள்.

மதிப்பீட்டின் அடித்தளமே ஆட்டம். தீவில் சோவியத் படையினர் பத்தாயிரம் வாக்கில் இருப்பார்கள் என்று அமெரிக்க உளவுத்துறை நினைத்தது. உண்மையில் இருந்தவர்கள் 40,000-க்கும் மேல். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கரையிறங்கும் படையை அடிக்கவென்றே லூனா என்ற குறுந்தூர ராக்கெட்டுகளும் கடற்கரைக் குரூஸ் ஏவுகணைகளும் அணுகுண்டுகளோடு தீவில் இருந்தன. இந்தச் சின்ன ரக குண்டுகள் மட்டுமே தொண்ணூறுக்கும் மேல். அக்டோபர் 26 இரவு குரூஸ் ஏவுகணைப் பிரிவு ஒன்று குவாண்டனாமோ தளத்தைக் குறிவைக்கும் இடத்துக்கு நகர்ந்தும் விட்டது. மாஸ்கோ சொல்லாமல் தொடக் கூடாது என்று உத்தரவு இருந்தது உண்மை. ஆனால் மறுநாளே, மாஸ்கோவைக் கேட்காமல், உள்ளூர் சோவியத் தளபதிகள் கிழக்குக் கியூபாவில் பானெஸ் பக்கம் யு-2 விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். விமானி மேஜர் ஆண்டர்சன் இறந்தார். குண்டு தலைக்கு மேலே விழும்போது எந்த ஊர்த் தளபதி மாஸ்கோவுக்குத் தந்தி அடித்துவிட்டுக் காத்திருப்பான்?

நான் முதலில் சொன்ன படிக்கல்லில் வைத்தால் தாக்குதலும் படையெடுப்பும் இங்கேயே விழுந்துவிடுகின்றன. தகவல் சரியாக இருந்தால்கூட மோசமான வழிகள். தகவல் தப்பு என்கிறபோது திரும்பி வர வழியே இல்லாதவை.

முற்றுகை

இதற்கும் குறைகள் உண்டு, சின்னக் குறைகள் அல்ல. முற்றுகை இனி வருவதைத்தான் தடுக்கும். வந்து இறங்கியதை என்ன செய்யும்? அணுகுண்டுகளை ஏற்றிக்கொண்டு இன்டிகிர்கா என்ற கப்பல் அக்டோபர் 4-ஆம் தேதியே மரியேல் துறைமுகத்தைப் பிடித்துவிட்டது. குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுகிற வேலை. சட்டப்படி முற்றுகை என்பதே போர்ச் செயல். பதிலுக்கு அவர்கள் பெர்லினை முற்றுகையிட்டால்?

போர்ச் செயல் என்ற சொல்லைத் தவிர்க்கத்தான் குவாரண்டைன் என்று பெயர் சூட்டினார்கள். கொரோனாவுக்குப் பிறகு நம் எல்லோருக்கும் பழகிப்போன அதே சொல். ஏவுகணையைக் கொண்டு வரும் கப்பலுக்குத் தொற்று நோயாளிக்குரிய மரியாதை. வெறும் வார்த்தை ஜாலம் என்று முன்பெல்லாம் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 23-ஆம் தேதி எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் இதை ஆதரித்தது. உணவையும் பெட்ரோலையும் விட்டு ஆயுதத்தை மட்டும் மறிப்பது என்பதால் எதிராளிக்கும் மூச்சுவிட இடம் இருந்தது.

இதன் உண்மையான பலம், அடுத்த நகர்வு எதிராளியின் கையில் போகிறது. குண்டு விழுந்த பிறகு குருஷ்சேவுக்கு முன்னால் இருப்பது ரத்தம். பதில் சொல்லியே ஆக வேண்டும். கோடு போட்ட பிறகு அவர் முன்னால் இருப்பது கடல். கப்பலைத் திருப்பலாம், மெதுவாக ஓட்டலாம், யோசிக்கலாம். அப்படித்தான் செய்தார். கப்பல்கள் கோட்டருகே முட்டிக்கொண்டு கடைசி நொடியில் திரும்பியதாகச் சொல்வது கட்டுக்கதை. முற்றுகை அமலுக்கு வந்த 24-ஆம் தேதிக்கு முந்தைய நாளே ஆயுதக் கப்பல்களைத் திருப்பச் சொல்லிவிட்டார். அவை கோட்டுக்கு வெகு தொலைவில் இருந்தன. மறித்து ஏறிச் சோதனை போட்ட முதல் கப்பல், சோவியத் வாடகைக்கு எடுத்திருந்த, லெபனான் கொடி பறந்த மரூக்லா. அதுவும் 26-ஆம் தேதிதான். ஏறியவர்களில் ஒரு பகுதியினர் வந்த போர்க்கப்பலின் பெயர் ஜோசப் கென்னடி ஜூனியர். அதிபரின் அண்ணன் பெயர் அது; அவர் போரில் இறந்தவர்.

இதையெல்லாம் வைத்து முற்றுகைக்குப் பூமாலை போட்டுவிடலாமா? அங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். 27-ஆம் தேதி சனிக்கிழமை அட்லாண்டிக்கின் அடியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பல். வடகடல் குளிருக்காகக் கட்டியதை வெதுவெதுப்பான கடலுக்கு ஓட்டி வந்திருக்கிறார்கள். உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டிவிட்டது. பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கிறது. கரியமில வாயுவில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, மேலே வா என்று சொல்லும் சமிக்ஞையாகச் சின்னப் பயிற்சிக் குண்டுகளைப் போடுகின்றன. அது சமிக்ஞை என்று வாஷிங்டன் மாஸ்கோவுக்கு முறைப்படி சொல்லிவிட்டது. கடலுக்கு அடியில் இருப்பவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இரும்புப் பீப்பாய்க்குள் உட்கார்ந்திருக்க, வெளியே யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல இருந்தது என்று உள்ளே இருந்த அதிகாரி ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர் சொன்னபடி, மேலே போர் தொடங்கிவிட்டது என்று எண்ணிய கேப்டன் சவித்ஸ்கி, சிறப்பு டார்பிடோவைத் தயார்செய்யச் சொல்லிக் கத்தினார். அதன் தலையில் அணுகுண்டு. கூட இருந்த வசிலி அர்கிப்போவ் என்ற அதிகாரி அவரை அமைதிப்படுத்தினார். கப்பல் மேலே வந்தது.

நிதானமான நடுவழி என்று கொண்டாடப்படும் முற்றுகையின் நடு வயிற்றில் இருந்த சம்பவம் இது. அந்தக் கப்பலில் அப்படி ஓர் ஆயுதம் இருப்பதே அமெரிக்கர்களுக்குத் தெரியாது. எனவே முற்றுகையைப் பாதுகாப்பான வழி என்று என்னால் எழுத முடியாது. மற்றவற்றைவிடத் தேவலை, அவ்வளவுதான். தாக்குதலில் தப்பு நடந்தால் பிடித்து நிறுத்த யாரும் இல்லை. முற்றுகையில் தப்பு நடந்தபோது ஓர் ஆள் குறுக்கே நிற்க நேரம் இருந்தது.

சனிக்கிழமை இரவு

அதே 27-ஆம் தேதி நிலவரம்: தீவில் 24 ஏவுதளங்களும் ஏறக்குறைய தயார். முற்றுகை ஓர் ஏவுகணையைக்கூட அகற்றவில்லை. அதாவது ஒப்பீட்டை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிய கட்டம்.

முந்தைய நாள் குருஷ்சேவிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருந்தது. போர் என்ற முடிச்சைப் போட்ட கயிற்றின் இரு முனைகளையும் நாம் இருவரும் இழுக்க வேண்டாம், இழுக்க இழுக்க இறுகும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார். எந்தக் கிராமத்துப் பெரியவர் பஞ்சாயத்தில் சொன்னாலும் பொருந்தும் பேச்சு. கியூபாவைத் தாக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள், எடுத்துவிடுகிறோம் என்பது சாரம். மறுநாள் காலை மாஸ்கோ வானொலியில் இரண்டாவது கடிதம்: துருக்கி ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும்.

சுற்றியிருந்தவர்கள் கொதித்தார்கள். துருக்கியை விற்றுவிட்டால் நேட்டோ உடைந்துபோகும் என்றார்கள். நாடாவில் நாள் முழுக்க ஏறக்குறைய தனி ஆளாக எதிர்வாதம் செய்கிறார் கென்னடி. நியாயமாக யோசிக்கும் எவனுக்கும் இது நல்ல பேரமாகத்தான் தெரியும், இதற்காக ஒரு போருக்குப் போனோம் என்று எப்படிச் சொல்வது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அன்றிரவு ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தொப்ரீனினைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்தார். தாக்கமாட்டோம் என்ற வாக்கு பகிரங்கம். துருக்கி ஏவுகணைகள் நாலைந்து மாதத்தில் போய்விடும், ஆனால் அது ரகசியம், எழுத்தில் கிடையாது. அடுத்த ஓரிரு நாளில் தொப்ரீனின் அந்த ஏற்பாட்டைக் குறிப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டியபோது, ராபர்ட் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 28-ஆம் தேதி காலை மாஸ்கோ வானொலி, ஏவுகணைகளைப் பிரித்து எடுத்துச்செல்வதாக அறிவித்தது. 1963 ஏப்ரலில் துருக்கி ஜூபிட்டர்கள் சத்தமில்லாமல் கிளம்பின.

இப்போது ஸ்டீவன்சனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்பு எதைச் சொன்னதற்காக அவரை உலுக்கினார்களோ, அதில் குவாண்டனாமோவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கடைசியில் நடந்த தீர்வு. டிசம்பரில் ஒரு பத்திரிகை, ஸ்டீவன்சன் மியூனிக்கை விரும்பினார் என்று எழுதி அவர் பெயரை நாறடித்தது. உண்மை தெரிந்த வெள்ளை மாளிகை அவருக்காக உண்மையை வெளியே சொல்லவில்லை.

முற்றுகை ஜெயித்தது என்று சொல்வதில் எனக்குள்ள தகராறு இதுதான். ஜெயித்தது பேரம். முற்றுகை அந்தப் பேரத்துக்கு ஆறு நாள் வாங்கிக்கொடுத்தது. பேரத்தில் இறங்குகிறவர் கோழை என்று பெயர் வாங்காமல் இருக்கப் போர்வையாகவும் இருந்தது. ரகசியம் காத்ததற்கு விலையும் இருந்தது. விறைத்து நின்றால் எதிராளி பணிவான் என்ற பாடத்தைத்தான் ஒரு தலைமுறை அமெரிக்க அதிகாரிகள் இதிலிருந்து படித்தார்கள். கொடுத்து வாங்கிய பகுதி அவர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. அடுத்து அவர்கள் போன இடம் வியட்நாம்.

இந்தியாவுக்கு அந்த வாரம் இதையெல்லாம் பார்க்க நேரமில்லை. அக்டோபர் 20-இல் சீனப் படை எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டு வல்லரசுகளின் கண்ணும் கரீபியன் கடலில் இருந்தபோது இமயமலையில் நம் கதை ஓடியது.

விடுபட்ட பெயர்

இவ்வளவு நேரம் வழிகளை எடைபோட்டதில் நானும் ஒரு தப்பு செய்திருக்கிறேன், கென்னடியின் குழு செய்த அதே தப்பு. தராசில் வாஷிங்டன் இருக்கிறது, மாஸ்கோ, பெர்லின், அங்காராகூட இருக்கிறது. 70 லட்சம் பேர் வாழ்ந்த கியூபா இல்லை.

பேரம் முடிந்ததைக் காஸ்ட்ரோ செய்தியாகத்தான் கேள்விப்பட்டார். யாரும் கேட்கவும் இல்லை, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. ஆத்திரத்தில் ஐ.நா. பார்வையாளர்கள் தீவில் கால் வைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். அதனால் சோவியத் கப்பல்கள் நடுக்கடலில் ஏவுகணைகளின் மேல் மூடியிருந்த தார்ப்பாயை விலக்கிக் காட்ட, தாழப் பறந்த அமெரிக்க விமானங்கள் எண்ணிக்கொண்டன. சமாதானப்படுத்த சோவியத் துணைப் பிரதமர் மிக்கோயான் ஹவானா வந்தார். வந்த மறுநாள் மாஸ்கோவில் அவர் மனைவி இறந்துபோனார். அவர் திரும்பவில்லை, வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். அமெரிக்கர்களுக்கே தெரியாத அந்தச் சின்ன ரக அணுகுண்டுகள் பேரத்தில் சேரவில்லை. அவற்றையாவது விட்டுவிட்டுப் போங்கள் என்றார் காஸ்ட்ரோ. அணு ஆயுதத்தை வேறு நாட்டுக்குத் தரக் கூடாது என்று எங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறது என்றார் மிக்கோயான். அப்படி ஒரு சட்டம் அப்போது இல்லை. குண்டுகள் கப்பல் ஏறின.

முப்பது வருஷம் கழித்து, 1992 ஜனவரியில் ஹவானாவில் மூன்று நாட்டுக்காரர்களும் ஒரு கருத்தரங்கில் கூடினார்கள். அந்தக் குண்டுகளைப் பற்றி மக்னமாரா தெளிவாகக் கேள்விப்பட்டது அங்கேதான். மொழிபெயர்ப்பில் ஏதோ தவறு என்று நினைத்துக் கூட்டத்தை நிறுத்தச் சொன்னதாகப் பின்னாளில் சொன்னார். பிறகு காஸ்ட்ரோவிடம் கேட்டார்: குண்டுகள் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்கா தாக்கியிருந்தால் அவற்றைப் பயன்படுத்தச் சொல்லிப் பரிந்துரைத்திருப்பீர்களா? அப்படிச் செய்திருந்தால் கியூபாவுக்கு என்ன ஆகியிருக்கும்?

தெரியும் என்றார் காஸ்ட்ரோ. சொல்லியிருப்பேன் என்ன, சொன்னேன் என்றார். கியூபா முற்றிலும் அழிந்துபோயிருக்கும் என்றார்.